பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எங்கே?

மே மாதப் பிற்பகல் ஒன்றில் நம் மாவட்டத் தலைநகரங்களின் பெரிய அலுவலக வளாகம் எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள். பேவர் பிளாக் பதித்து, வெள்ளைக் கோடு இழுத்து, எண் எழுதிய நிறுத்துமிடம் பாதி காலியாகக் கிடக்கும். வண்டிகளெல்லாம் வாசல் வேம்பின் அடியிலும், மதில்சுவர் ஓரத்து ஒண்டு நிழலிலும், ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டிய வளைவிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். காவலர் விசிலடித்துப் பார்ப்பார், ஒருவரும் வண்டியை நகர்த்த மாட்டார். வரைபடத்தில் நாம் நூறு வண்டிக்கு இடம் காட்டியிருப்போம். வெயில் ஏறிய பிறகு அந்த வளாகத்தில் இருப்பது ஐம்பது வண்டிக்கான இடம்தான்.

நிழலை வசதி என்ற கணக்கில் வைப்பதால் வரும் கோளாறு இது. அதைக் கொள்ளளவு என்ற கணக்கில் வைக்க வேண்டும். கோடையில் யாரும் நிறுத்தாத இடத்தை நிறுத்துமிடம் என்று எண்ணுவது சரியல்ல. கட்டடக் கலைஞர்களும் கட்டமைப்புப் பொறியாளர்களும் படிக்கும் இந்த இதழில் இதை விரிவாகப் பேசக் காரணம் உண்டு. நிழற்கூரைகள் இப்போது பரவலாக வரத் தொடங்கிவிட்டன, ஆனால் அவற்றில் பல நிழல் தேவைப்படும் நேரத்தில் நிழல் தருவதில்லை. கூரையை நாம் சதுர மீட்டரில் வாங்குகிறோம். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிழல் விழும் என்று டெண்டரில் கேட்பதே இல்லை.

முதலில் வெப்பத்தின் அளவு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெம்பி நகரின் கோடையில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே 38 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டியரிங் 53, டாஷ்போர்டு 69. நிழலில் நின்ற காரில் உட்புறம் 38, ஸ்டியரிங் 42, டாஷ்போர்டு 48. டாஷ்போர்டில் மட்டும் 21 டிகிரி வித்தியாசம். நிழலில் நின்ற கார்கூட குழந்தையை விட்டுச் செல்லத் தகுந்த இடமல்ல என்பதையும் அதே ஆய்வு அழுத்திச் சொல்கிறது. கூரை போட்டுவிட்டோம் என்பதற்காக அந்த எச்சரிக்கைப் பலகையை எடுத்துவிடக் கூடாது.

ஆனால் நம் ஊர் நிறுத்துமிடத்தில் பெரும்பான்மை கார் அல்ல, இருசக்கர வண்டி. காரில் ஏறியவர் ஏசியைப் போட்டுக்கொள்வார். பைக்கில் வந்தவருக்கு அந்தக் கருப்பு சீட்தான் கதி. சேலை முந்தானையால் சீட்டைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் போட்டு, குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பும் பெண்களை எந்த அரசு மருத்துவமனை வாசலிலும் பார்க்கலாம். இருந்தும் எந்த வளாகத்திலும் முதல் கூரை அதிகாரிகளின் கார் வரிசைக்குத்தான் போகிறது. ஒரு கார் நிற்கும் 2.5க்கு 5 மீட்டர் இடத்தில் ஆறு பைக்குகள் நிற்கும். ஒரே கூரைச் செலவில் ஆறு குடும்பங்களுக்கு நிழல். பணம் குறைவாக இருந்தால் கூரை முதலில் இருசக்கர வரிசைக்குப் போக வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. அடுத்தது, வண்டியிலிருந்து வாசல் வரை நடக்கும் பாதை. மூன்றாவது, மணிக்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் உட்காரும் இடம். கார் வரிசை அதற்குப் பிறகு வரட்டும்.

இனி சூரியனுக்கு வருவோம். தமிழ்நாடு 8 முதல் 13.5 டிகிரி வட அகலாங்குக்குள் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரத்தில் எந்தக் கூரையும் தனக்கு நேர் கீழே நிழல் தரும், அதில் வடிவமைப்பாளரின் திறமை எதுவும் இல்லை. சோதனை மூன்று மணிக்குத் தொடங்குகிறது. அப்போது சூரியன் தொடுவானிலிருந்து ஏறக்குறைய 47 டிகிரி உயரத்திலும், நான்கு மணிக்கு 32 டிகிரி உயரத்திலும் மேற்கே இருக்கும். கூரை விளிம்பு 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், தரையில் நிழல் மூன்று மணிக்கு 2.5 மீட்டரும் நான்கு மணிக்கு 4.3 மீட்டரும் கிழக்கே தள்ளிப்போகும். டாஷ்போர்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த மட்டத்தில் நகர்வு குறையும்: முறையே 1.6 மீட்டர், 2.7 மீட்டர். 5 மீட்டர் நீளக் காருக்கு 5 மீட்டர் அகலக் கூரை போட்டு, கார் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்தினால், நான்கு மணிக்கு டாஷ்போர்டு நல்ல வெயிலில் இருக்கும், நிழல் காருக்குப் பின்னால் ஓடுபாதையில் விழுந்துகொண்டிருக்கும்.

கூரையின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்தால் இதில் பெரும்பகுதி செலவில்லாமலே தீர்ந்துவிடும். நிழல் அப்போதும் கிழக்கே நகரத்தான் செய்யும், ஆனால் வரிசையின் நீளத்திலேயே நகர்ந்து அடுத்த வண்டியின் மேல் விழும். வரிசையின் மேற்குக் கோடியில் உள்ள ஒன்றிரண்டு வண்டிகள்தான் வெயிலில் மாட்டும். அந்தக் கோடியில் கூரையை இன்னொரு 4 மீட்டர் நீட்டலாம், அல்லது அங்கே நிறுத்துமிடமே வைக்காமல் ஒரு மரக்குழி விடலாம். கோடையில் சூரியன் மறையும் திசை மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்குவதால் நிழல் சற்றுத் தெற்கேயும் சாயும். வடக்கு விளிம்பில் அரை மீட்டர் கூடுதல் நீட்சி அதற்குப் போதும். மார்கழி வெயிலை நினைத்துக் கூரையைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

மனையின் வடிவம் இடம் கொடுக்காமல் வரிசைகள் வடக்கு தெற்காகத்தான் வர வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டும். மேற்கு விளிம்பைத் தலை இடிக்காத அளவுக்கு, 2.2 மீட்டர் வரை, தாழ்த்திக் கிழக்கே உயர்த்துங்கள். தாழ்ந்த விளிம்பிலிருந்து ஒரு ஷேடு நெட் திரையையோ மரச்சட்டத் தட்டியையோ இறக்குங்கள். மேற்கே எல்லை ஓரத்தில் புங்கையோ வேம்போ வரிசையாக நட இடம் இருந்தால் அதைவிட நல்ல தீர்வு கிடையாது. சாய்ந்து வரும் வெயிலை மரத்தின் அடர்ந்த பக்கவாட்டு இலைத்தொகுதி மறிப்பதுபோல் எந்தக் கூரையும் மறிக்காது.

கூரையை உயரத் தூக்கினால் காற்றோட்டமாகவும் பார்வைக்குக் கம்பீரமாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் நான்கு மணியளவில் 1.6 மீட்டர் நிழல் கைவிட்டுப் போகிறது. முகப்புத் தோற்றத்துக்காக ஐந்து மீட்டர் உயரத்தில் கூரை கேட்கும் உரிமையாளரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

காற்று இதைவிடக் கடுமையான விஷயம். நிறுத்துமிடக் கூரையின் அஸ்திவாரம் பாரத்தைத் தாங்குவதைவிடக் கூரையைப் பறக்கவிடாமல் பிடித்து வைப்பதற்கே இருக்கிறது. ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மேல்நோக்கிய அழுத்தக் கெழுவை 1 என்றே எடுத்துக்கொண்டாலும், ஒரு கார் இடத்தின் 12.5 சதுர மீட்டர் கூரையைக் காற்று ஏறக்குறைய 1.9 டன் விசையோடு மேலே தூக்கும். சோலார் பேனல், பர்லின், உத்தரம் எல்லாம் சேர்த்து அந்தக் கூரையின் எடை அரை டன்னைத் தாண்டுவது அரிது. மிச்சத்தை ஆங்கர் போல்ட்டும் கான்கிரீட் கட்டையும் மண்ணும்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இதில் அடிக்கடி தவறவிடும் ஓர் இடம் உண்டு. நாலாபுறமும் திறந்த கூரைக்கான கெழுக்களைத் தரும்போதே, அடியில் எவ்வளவு அடைப்பு இருக்கிறது என்பதையும் ஐஎஸ் 875 கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அடியில் வேனும் பஸ்ஸும் நெருக்கமாக நின்றால், அல்லது பிறகு யாரோ ஒரு பக்கம் தகரம் அடித்து ஸ்டோர் ரூம் ஆக்கிக்கொண்டால், மேல்நோக்கிய விசை கூடிவிடும். திறந்த கூரை என்று கணக்குப் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் 'எந்தப் பக்கமும் அடைக்கக் கூடாது' என்று எழுதுங்கள், இல்லையென்றால் அடைத்ததாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததையும், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியதையும் பார்த்த தலைமுறை நாம். மதுரைக்கும் கோவைக்கும் வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த ஊர்களுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கடற்கரை ஊருக்கு அனுப்பும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் பொறியாளர்தான் அதை நிறுத்த முடியும்.

தூணின் அடியைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் பிளேட் தரை மட்டத்தில் இருந்தால் மழைநீர் தேங்கும், நாய் சிறுநீர் கழிக்கும், பின்னால் வரும் கார் இடிக்கும். கடலோர ஊர்களில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கான்கிரீட் பீடத்தை அரை மீட்டருக்கு மேல் உயர்த்தி, முழுத் தூணையும் ஹாட் டிப் கால்வனைஸ் செய்து, தளத்தில் வெல்டிங்கே இல்லாமல் போல்ட்டில் முடியுங்கள். கால்வனைஸ் செய்த பிறகு வெல்டிங் வைத்து, மேலே அலுமினியப் பெயின்ட் அடிப்பதால் பயனில்லை.

கூரைப் பொருளில் நாம் நினைப்பதைவிடத் தேர்வு எளிது. காப்பு இல்லாத மெல்லிய தகரம் தானே சூடாகிக் கீழே வெப்பத்தை உமிழும், தாழ்வான கூரைக்கு அது வேண்டாம். ஷேடு நெட் மலிவு, காற்றை விடும், ஆனால் சில ஆண்டுகளில் வெயிலில் நைந்துவிடும், மாற்றுவதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்க வேண்டும். இழுவைத் துணிக் கூரை பார்க்க அழகு, ஆனால் அவ்வப்போது இழுத்துக் கட்ட ஆள் இல்லாத இடத்தில் இரண்டாவது மழைக்காலத்திலேயே தண்ணீர் தேங்கித் தொங்கும்.

சோலார் கூரை வேறு வகை, அது தன் செலவைத் தானே மீட்கும். ஒரு கார் இடத்துக்கு மேலே ஏறக்குறைய ஐந்து பெரிய பேனல்கள், சுமார் 2.5 கிலோவாட், பொருத்தலாம். நம் வெயிலில் நாளுக்குச் சராசரி 10 யூனிட் கிடைக்கும், ஒரு மின்சாரக் கார் 60 கிலோமீட்டர் ஓட அது போதும். தெற்கே 10 டிகிரி சாய்வு வேண்டும் என்பதால், மேலே சொன்ன கிழக்கு மேற்கு வரிசைக்கு இது அப்படியே பொருந்துகிறது. மொட்டை மாடியைவிட இங்கே இரும்புச் செலவு கூடும் என்பதை உரிமையாளரிடம் மறைக்க வேண்டாம். மாடியில் நிழலுக்கு யாரும் காசு தருவதில்லை, இங்கே நிழலும் வருமானத்தின் ஒரு பகுதி என்று விளக்குங்கள். 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கிய கொச்சி விமான நிலையம் தன் கார் நிறுத்துமிடத்தையும் பேனல்களால் மூடியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் அதனடியில் நிற்கின்றன. நம் பொறியாளர்கள் ஒரு நாள் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

பிரான்ஸ் 2023 மார்ச்சில் இயற்றிய சட்டம், 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி நிறுத்துமிடங்களில் குறைந்தது பாதியைச் சோலார் கூரையால் மூடச் சொல்கிறது. அதே சட்டம் பாதிப் பரப்புக்கு மரநிழல் உள்ள இடங்களுக்கு விலக்கும் தருகிறது. வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டுப் பேனல் வைக்கும் மடமைக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை. இங்கே நடக்கிறது, நாமே பார்க்கிறோம்.

ஆனால் மரம் நட்டால் நிழல் வந்துவிடும் என்று காகிதத்தில் எழுதுவதும் போதாது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரம் 1983இலேயே, புதிய நிறுத்துமிடங்களில் 15 ஆண்டுகளுக்குள் பாதிப் பரப்புக்கு மரநிழல் வேண்டும் என்று விதித்தது. பின்னர் அளந்து பார்த்தபோது கிடைத்திருந்த நிழல் இலக்குக்கு வெகு கீழே. நம் வளாகங்களில் நடப்பதும் அதுதான். ரோலர் போட்டு இறுக்கிய கிராவலில் இரண்டடிக்கு இரண்டடிக் குழி, அடிமரத்தை ஒட்டிப் பேவர் பிளாக், மேலே மின்கம்பி, ஆண்டுக்கொருமுறை கழுத்தளவு வெட்டு. வேர் போக மண் இல்லாத இடத்தில் மரம் வளராது. தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாக, இரு வரிசைகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் அகலத்தில் தொடர்ச்சியான மண்பட்டை விடுங்கள். அதற்காக நான்கைந்து கார் இடம் போகும். ஆரம்பத்தில் சொன்ன காலி இடங்களை நினைத்தால் அது இழப்பே அல்ல. நாவல், பழம் உதிர்ந்து கறை படிப்பதால், இந்தப் பட்டைக்கு வேண்டாம். அதை வேலி ஓரத்தில் வைக்கலாம்.

மழைநீரும் இங்கே கிடைக்கும் செல்வம்தான். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். எண்ணெய் படிந்த தரையைத் தொடாமல் வருவதால் நேராக உறிஞ்சு கிணற்றுக்கு விடலாம். மழைநீர் சேகரிப்பை 2003லேயே கட்டாயமாக்கிய மாநிலத்தில், இந்தக் கூரைகள் பலவற்றின் தண்ணீர் இன்னும் சாக்கடைக்குத்தான் போகிறது.

அடுத்த இதழிலிருந்து இதற்கென இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். நீங்கள் வடிவமைத்த நிறுத்துமிடத்தின் தள வரைபடத்தில், மே 15ஆம் தேதி காலை 10 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணி ஆகிய மூன்று நேரங்களின் நிழலைப் போட்டு அனுப்புங்கள். கட்டி முடித்த இடமென்றால் அதே நேரங்களில் எடுத்த படங்களும், வரிசை வாரியாக எத்தனை வண்டிகள் நின்றன என்ற எண்ணிக்கையும் வேண்டும். நிழல் தப்பிப்போன வரைபடங்களையும் தயங்காமல் அனுப்புங்கள், பெயர் வெளியிட மாட்டோம். உள்ளாட்சி அமைப்புகளிலும் பொதுப்பணித் துறையிலும் டெண்டர் தயாரிப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: நிறுத்துமிடக் கூரைக்கான ஆவணத்தில் மாலை 4 மணி நிழல் வரைபடத்தைக் கட்டாயத் தாளாகச் சேருங்கள், அளவீட்டுப் புத்தகத்தில் கூரைப் பரப்போடு அந்த நிழற்பரப்பையும் எழுதுங்கள்.