கற்க வருவோருக்குக் கதவடைப்பா?

கட்டுமானத் தொழிலுக்குப் புதிதாக வருவோர் சித்தாளாகச் சேர்ந்து, கலவை சுமந்தபடியே கொத்தனாரைப் பார்த்துத் தொழில் கற்கின்றனர். பெண்களில் பெரும்பாலோர் கடைசிவரை சித்தாள்களே.

இந்நிலையை மாற்றப் பணம் இல்லாமல் இல்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்காக வசூலிக்கப்பட்டது. அந்நிதி பெருமளவு செலவிடப்படாமல் கிடந்ததை 2018-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவ்வசூலைத் தொடர்வதுடன், திறன் மேம்பாட்டையும் நல வாரியங்களின் கடமையாக்கியுள்ளது. இது வரவேற்கத்தக்கது.

ஆனால், வாரியத்தில் பதிவு செய்ய, முந்தைய 12 மாதங்களில் 90 நாள்களாவது கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை நீடிக்கிறது. அதாவது, பயிற்சி யாருக்கு முதலில் தேவையோ அவர்களுக்கே கதவு அடைபட்டிருக்கிறது.

2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டே என்று வாதிடலாம். கட்டணம் இல்லை என்பது உண்மைதான். பயிற்சி நாள்களில் இழக்கும் கூலியை யார் தருவது? அன்றாடக் கூலியை நம்பிய குடும்பம் எப்படிப் பிள்ளையை அனுப்பும்?

பயிற்சிக்கு மட்டுமாவது 90 நாள் நிபந்தனையைத் தளர்த்தி, பயிற்சிக் காலக் கூலியை நலநிதியிலிருந்தே வழங்க மத்திய அரசு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டும். முதலில் சுமை, பிறகே பயிற்சி என்பது நலச் சட்டத்துக்கு அழகல்ல.