எழுதி வைக்காத சங்கீதம்

சங்கீதத்தைச் சேர்த்து வைப்பவர்கள் நம்மில் அதிகம். சேர்த்தது இன்னதென்று எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. "என்னிடம் ஒரு டெராபைட் இருக்கிறது" என்கிறார்கள், முன்பு ஒரு தலைமுறை வேலிக் கணக்கில் நிலம் சொன்ன அதே தொனியில். சாதாரண எம்.பி.3 தரத்தில் மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று சுமார் 170 மெகாபைட் பிடிக்கும். ஒரு டெராபைட்டில் ஐயாயிரம் கச்சேரிக்கு மேல் அடங்கும். தினம் ஒன்று கேட்டாலும் 15 வருஷம் ஆகும். இதில் தேடியதைத் தேடிய நேரத்தில் எடுக்க முடியாது என்றால், அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எங்கள் சிட்லபாக்கத்திலும் பக்கத்துக் குரோம்பேட்டையிலும் ஓய்வு பெற்ற ரஸிகர்களுக்குப் பஞ்சமில்லை. ரேடியோவிலிருந்து காஸெட்டில் பிடித்ததையெல்லாம் சிரத்தையாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். திறந்து பார்த்தால் 'டிராக் 1', 'டிராக் 2', 'பெயர் தெரியாத கலைஞர்' என்றுதான் இருக்கிறது. குரலைக் கேட்டதும் யார், என்ன ராகம், எந்த வருஷம் என்று அவர் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு யார் சொல்வது? பேரன் ஒருநாள் அந்த டிஸ்கைத் துடைத்துவிட்டு வேறு எதையாவது ஏற்றுவான். அவன் மேல் குற்றமே இல்லை.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இந்த சாப்ட்வேரெல்லாம் வெள்ளைக்காரன் தன் பாட்டுக்காகச் செய்தது." வாஸ்தவம்தான். எம்.பி.3 ஃபைலோடு பாட்டின் விவரத்தை ஒட்டி வைக்கும் டேக் என்ற முறை 1996-ல் வந்தது. தலைப்புக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. இசை வகைக்கு 80 பெயர் கொண்ட ஒரு ஜாபிதா. அந்த ஜாபிதாவில் போல்காவுக்கு இடம் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. ராகம், தாளம், சாகித்தியகர்த்தா எதற்கும் கட்டம் கிடையாது.

ஆனால் அந்தக் குறை 1998-லேயே தீர்ந்துவிட்டது. அவ்வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில் இயற்றியவருக்குத் தனி இடம் உண்டு. தமிழ் எழுத்திலேயே எழுதலாம். வேண்டிய கட்டத்தை நாமே பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். 2002-ல் வெளிவந்த ஃபூபார்2000, மியூசிக்பீ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் 'ராகம்' என்று ஒரு கட்டம் திறந்து தோடி என்று நிரப்பினால், வீட்டிலுள்ள தோடியெல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நிற்கும். சாப்ட்வேர் இடம் கொடுத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. எழுதத்தான் ஆளில்லை.

இது வெறும் ஒழுங்கு பற்றிய விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-ல் காலமானார். அவருடைய மிருதங்கம் இன்று நம் காதில் விழுகிறதென்றால், அது பெரும்பாலும் ஜி.என்.பி.யும் மதுரை மணி அய்யரும் பாடிய கச்சேரிகளின் பதிவுகளில்தான். 'கலைஞர்' என்ற ஒரே கட்டத்தில் பாடகர் பெயரை மட்டும் போட்டு முடித்தால், பிள்ளைவாளை நாமே இரண்டாம் முறை சாகடிக்கிறோம். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்கள், அங்கே எத்தனை பாட்டில் மிருதங்கக்காரர் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆரம்பிப்பது கஷ்டமில்லை. முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிட வேண்டும். பிறகு ஏழே கட்டங்கள்: பாடியவர், ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், இடமும் வருஷமும். தெரியாததை ஊகித்து எழுதாமல் காலியாக விட வேண்டும். காம்போதியா காம்போஜியா என்பதை ஒரு முறை தீர்மானித்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ராகம். முக்கியமாக, விவரம் சாப்ட்வேரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லாமல் ஃபைலுக்குள்ளேயே பதிய வேண்டும். 2001-ல் வந்த ஐட்யூன்ஸை 2019-ல் ஆப்பிள் கம்பெனியே மேக் கம்ப்யூட்டரில் மூன்றாகப் பிரித்துவிட்டது. சாப்ட்வேர் போகும், ஃபைல் நிற்கும். தினம் ஒரு கச்சேரி என்றால் அரை மணி நேர வேலை.

பார்ஸிலோனாவின் பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஸேவியர் ஸெர்ரா என்பவர் 2011 முதல் 2017 வரை காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சியை நடத்தினார். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்துகொண்டது. கர்நாடக இசைத் தட்டுகளின் விவரங்களை மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொது ஏட்டில் ராகம், தாளம் வரை எழுதி வைத்தார்கள். ஸ்பெயினில் இருப்பவருக்கு இருந்த அக்கறை, தோடியைக் கேட்டுக் கண்ணீர் விடுகிற நமக்கு ஏன் இல்லை? கண்ணீர் சுலபம், எழுதுவதுதான் வேலை.

2019-ல் சிட்லபாக்கம் ஏரி தூர்ந்து கிடந்தபோது ஊர்க்காரர்களே மண்வெட்டியும் கையுமாக இறங்கினார்கள். யாராவது வருவார்கள் என்று கரையில் நின்று புலம்பவில்லை. அதே ஊரில், அதே வீடுகளில், ஐயாயிரம் கச்சேரிகள் பெயரில்லாமல் தூர்ந்துகொண்டிருக்கின்றன. குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டிய காலம் இதுதான்.