பேரம் பேசும் பக்தி

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்று பெருமைப்படுகிறோம். பெருமை நெசவாளியின் அடுப்பை எரியவைக்குமா?

பெரிய கடையில் கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், கைத்தறிக்காரரிடம் மட்டும் விசைத்தறிப் போலியைக் காட்டி 100 ரூபாய் குறைக்கிறோம். குறைவது துணியின் விலையன்று. தறியில் உழைக்கும் குடும்பத்தின் கூலி. மிச்சப்பட்ட அப்பணத்தைத் திருவிழாவில் ஏழைகளுக்கென்று காணிக்கையிட்டு மனநிறைவும் அடைகிறோம்!

"அவரே ஒத்துக்கொண்டாரே" என்பர் சிலர். உழைப்பவர் இசைந்தாலும், வாழ்வுக்குப் போதாத கூலி நீதியன்று என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் தெளிவுபடுத்திவிட்டார். பசியால் இசைவது சம்மதமாகாது. கூலியைக் குறைத்துவிட்டுக் காணிக்கையிடுவது அறமாகாது. கூலி மறுக்கப்பட்டோரின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுமென யாக்கோபு (5:4) எச்சரிப்பது நம்மையும்தான்.

அடுத்த திருவிழாச் சேலையையேனும் பேரமின்றி வாங்குவோம்.