கைமாறும் டிசையர்

பயன்படுத்திய சிறிய செடான்களில் தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது மாருதி சுசூகி டிசையர். 2008இல் வந்த இந்தக் கார், 4 மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கான வரிச் சலுகைக்காக 2012இல் 3,995 மி.மீ. நீளத்துக்குச் சுருக்கப்பட்டது. டிக்கியின் கொள்ளளவு 316 லிட்டராகக் குறைந்து, 2017 மாடலில் 378 லிட்டராக உயர்ந்தது. பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், 2020இல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது நிறுத்தப்பட்டது.

தயாரான ஆண்டையும் பளபளப்பையும்விட, கார் இதுவரை என்ன வேலைக்கு ஓடியது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும். டிசையர் டாக்ஸியாகவும் நிறைய ஓடுகிறது. டாக்ஸிக்கான டி-போர்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதைப் பதிவுச் சான்றிதழின் (ஆர்.சி.) விவரங்களில் முதலில் பார்க்க வேண்டும். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைப்பது எளிது; தேய்ந்து வழுவழுப்பான கிளட்ச் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங்கையும், அமுங்கிப்போன டிரைவர் சீட்டையும் மறைப்பது அவ்வளவு எளிதல்ல. 40,000 கி.மீ. காட்டும் மீட்டரோடு இவை பொருந்தவில்லையென்றால், சர்வீஸ் சென்டர் பதிவுகளைப் பார்க்காமல் மேற்கொண்டு பேசக் கூடாது.

மீட்டர் குறைக்கப்பட்ட காரைவிட வெள்ளத்தில் நின்ற கார் ஆபத்தானது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புத் தடங்களில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே ஊறல் நாற்றம், ஸ்டெப்னி வைக்கும் குழியில் படிந்த மண் ஆகியவையும் அடையாளங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் இணைப்புகள் பல மாதங்கள் கழித்துக்கூடப் பழுதாகலாம் என்பதால், எவ்வளவு விலை குறைத்தாலும் இத்தகைய காரை விட்டுவிடுவதே நல்லது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் காலையில் வரலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் எஞ்சினின் எரி அறைக்குள் கசிவதைக் காட்டக்கூடும். பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடமும் கதவு இடுக்குகளின் சீரின்மையும் விபத்தைச் சொல்லக்கூடும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்குத் தரும் கூலி வீண் செலவல்ல.

காரின் கடந்தகாலத்துக்குப் பலரும் கவனிக்காத சான்று இன்சூரன்ஸ் பாலிசி. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராத உரிமையாளருக்கு நோ கிளைம் போனஸ் 50 சதவீதத்தை எட்டும். பழைய காரின் முழுக் காப்பீட்டுப் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், அண்மையில் கிளைம் நடந்ததா, பாலிசி காலாவதியாகிக் கிடந்ததா, கார் கைமாறியதா என்று கேட்டறிய வேண்டும். இந்த போனஸ் பழைய உரிமையாளருக்கே சொந்தம், வாங்குபவருக்கு மாறாது.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35உம் வந்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. உரிமை மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.