கமராவோடு வருபவர் நம்மோடு தங்கட்டும்

எமது தோட்டங்களுக்குக் கமராவோடு வருபவர்களுக்குக் குறைவில்லை. கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணையும், கூரை ஒழுகும் லயத்தையும் படம் பிடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படம் எங்கே காட்டப்பட்டது, அதில் எம்மைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பது படத்தில் இருக்கும் தொழிலாளிக்கே தெரிவதில்லை.

இதற்கு மாற்று வழி உண்டு. படைப்பாளிகளை ஒரு கிராமத்தில் பல வாரங்கள் தங்கவைத்து, அந்த மக்களோடு சேர்ந்து படம் எடுக்க உதவும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. எம்மைப் போலவே தலைநகரிலிருந்து ஒதுங்கி வாழும் மக்களுக்கு அது எப்படிப் பயன்பட்டது என்பதற்குக் கனடாவின் ஃபோகோ தீவு நல்ல சாட்சி.

நியூபவுண்ட்லாந்தின் கரைக்கு அப்பால் உள்ள மீனவர் தீவு அது. 1967இல் அங்கு சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். மீன்பிடித் தொழில் நலிந்திருந்தது. தீவை விட்டு வேறிடத்தில் குடியேறும்படி அரசாங்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் கனடாவின் தேசிய திரைப்படச் சபையைச் சேர்ந்த இயக்குநர் கொலின் லோ அங்கு சென்றார். மெமோரியல் பல்கலைக்கழகமும் துணை நின்றது. மக்கள் பேசியதை வைத்து 27 சிறு படங்கள் உருவாகின.

எடுத்த படத்தை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தான் பேசியதில் வேண்டாத பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை பேசியவருக்கு இருந்தது. ஊராலும் மதத்தாலும் பிரிந்து கிடந்தவர்கள், தமது கஷ்டம்தான் அடுத்த ஊரிலும் இருக்கிறது என்பதைத் திரையில் கண்டார்கள். பின்னர் அந்தப் படங்கள் ஆட்சியாளர்களுக்குக் காட்டப்பட்டன. மீன்பிடி அமைச்சர் சொன்ன பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்கு வந்தது.

அதே ஆண்டில் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவு காலியாகவில்லை. இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் கலைஞர்கள் அங்கே வந்து தங்கிப் படைக்கிறார்கள்.

இதைப் படம் மட்டும் சாதிக்கவில்லை. படக்குழு வருவதற்கு முன்பே அங்கு மக்கள் குழு ஒன்று இயங்கியது. அமைப்பாகத் திரண்ட மக்களுக்குக் கமரா கைகொடுத்தது, அவ்வளவுதான்.

கனடாவின் வடபகுதியில் இக்லூலிக் என்ற இனுயிட் கிராமம் இருக்கிறது. தம் மொழியில் நிகழ்ச்சி இல்லாத தொலைக்காட்சி வேண்டாம் என்று 1975இலும் 1979இலும் வாக்களித்தவர்கள் அவர்கள். அந்த ஊரின் சிற்பி சகாரியாஸ் குனுக், தான் செதுக்கிய சிற்பங்களை விற்று 1981இல் ஒரு வீடியோ கமரா வாங்கினார். அவர் தம் மொழியிலேயே இயக்கிய முழுநீளப் படம் 2001இல் கான் விழாவில் பரிசு பெற்றது. வெளியார் வந்து தங்குவது முதற்படி. கமரா ஊராரின் கைக்கு வருவதே முடிவாக இருக்க வேண்டும்.

“சம்பளமே போதவில்லை, இதில் கலை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் எமது வாழ்க்கையைப் பற்றி யாரோ ஒருவர் பேசுவதைவிட, நாமே பேசி நாமே சரிபார்த்த படம் பலமான சாட்சி அல்லவா?

எனவே தோட்டக் கமிட்டிகள், படம் எடுக்க வருபவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். ஓரிரு வாரமாவது எம்மோடு தங்குங்கள். வெளியே காட்டுமுன் எமக்குக் காட்டுங்கள். போகுமுன் எமது பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். இவற்றுக்கு இணங்குபவருக்கு இடம் கொடுப்போம். இணங்காதவரிடம், “இங்கே படம் எடுக்க வேண்டாம்” என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டு.