சிலம்பும் மேகலையும்

ஐம்பெருங் காப்பியங்களுள் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கதைத் தொடர்பால் இரட்டைக் காப்பியங்கள் எனப்படும். ஏட்டில் உறங்கிய இவற்றை உ. வே. சாமிநாதையர் அவர்கள் முறையே 1892-லும் 1898-லும் அச்சிட்டு உதவினார்கள். மாணவருள் சிலம்பை விரும்பிக் கற்போர் பலர். தேர்வின்பொருட்டன்றி மேகலையைத் தொடுவோர் மிகச் சிலர். இதற்கு மாணவரது சோம்பல் மட்டும் காரணமன்று என்பதும், ஆயினும் மேகலையைக் கைவிடுதல் தகாது என்பதும் என் கருத்தாகும்.

முதற்கண் குறைகளைக் கூறுவேன். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து வழக்குரைத்த கண்ணகியை நாம் அறிவோம். மேகலையின் 26-ஆம் காதையிலோ, அவள் வஞ்சி நகரத்துக் கோயிலில் படிமமாய் நின்று பழவினையின் பயனை விரித்துரைக்கின்றாள். நம்மை அழவைத்தவள் நமக்குப் பாடம் சொல்பவளாகிவிட்டாள்! கதைத் தலைவிக்கு இடர் நேருங்கால், தெய்வம் அவளை வான்வழியே எடுத்தேகுகின்றது. வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் அருளுகின்றது. ஆதலின் அவள்பொருட்டு நாம் அஞ்சுவதற்கு இடமில்லை. 27-ஆம் காதையில் சமயவாதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கொள்கையை மொழிகின்றனர். 29-ஆம் காதை அளவை நூலாகவே மாறிவிடுகின்றது. கானல்வரியின் இசையில் தோய்ந்த செவி இங்கே வாடுகின்றது.

பௌத்தம் பிற சமயமாதலின் இங்ஙனம் கூறினேன் என்று எவரும் எண்ணற்க. கதை நின்று உபதேசம் தொடங்குமிடத்தில் படிப்போர் கண்ணயர்தல் இயல்பே. நம் கிறிஸ்தவ நூல்களும் இதற்கு விலக்கல்ல.

நிற்க. முன்னதைப் போன்றிராமை பின்னதற்குக் குற்றமாகுமோ? சிலம்பு மதுரையை எரித்து நீதியை நிலைநாட்டியது. கண்ணகிக்குக் கல்நாட்டி வழிபாடும் கண்டது. எஞ்சியோர் என்னாயினர்? தந்தை கொலையுண்டான், தாய் துறவு பூண்டாள், பாட்டி சித்திராபதியோ குலத்தொழிலுக்கே இழுக்கின்றாள், அரசிளங்குமரன் உதயகுமரன் பின்தொடர்கின்றான். இந்நிலையில் ஓர் இளம்பெண் எங்ஙனம் வாழ்வாள்? சிலம்பு எழுப்பிய இவ்வினாவிற்கு மேகலையே விடை பகர்கின்றது.

மணிபல்லவத் தீவில் வைகாசி முழுமதி நாளில் அமுதசுரபி தோன்றும் பொய்கைக்குக் கோமுகி என்று பெயர். கல்வராயன் மலையில் தோன்றி எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து நெல்லையும் கரும்பையும் வளர்க்கும் ஆற்றிற்கும் கோமுகி என்பதே பெயர். இஃது வெறும் பெயரொற்றுமையே. எனினும், அவ்வாற்றின் கரையில் வளர்ந்தவர்க்கு அக்காதை பிற நாட்டுக் கதையாகத் தோன்றாது. ஐந்து அப்பம் ஐயாயிரவர்க்கு உணவான செய்தியைச் சிறுபருவம் முதல் கேட்டவர்க்கோ அப்பாத்திரம் புதியதும் அன்று. அதனை ஏந்தி மணிமேகலை காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தாள்; சிறையிலுள்ளோர்க்கும் உணவூட்டினாள். சிலம்பில் ஆராயாது கொலைத்தண்டம் விதித்தான் பாண்டியன்; மேகலையில் ஓர் இளம்பெண்ணின் வேண்டுகோளுக்கிணங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க இசைந்தான் சோழன். இவ்விரண்டில் எது பெரிய அற்புதம்?

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். குற்றவாளிகளைத் தண்டிக்கவேண்டும் என நாடெங்கும் குரல் எழுந்தது. அது சிலம்பின் குரல், வேண்டுவதே. ஆனால், தந்தையை இழந்த பிள்ளைக்கு மறுநாள் சோறிடுவார் யார்? அடுத்த ஆண்டு பள்ளிக்கு அனுப்புவார் யார்? கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலைபற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்ததும் அவ்வாண்டிலேதான். இவை மேகலையின் வினாக்கள். சிலம்பின் குரல் சில திங்களில் ஓய்ந்துவிடும்; மேகலையின் வினாவோ நாள்தோறும் பசியோடு எழும்.

மேகலை சிலம்பினும் சிறந்த காப்பியம் என்று யான் வாதியேன்; கவிச்சுவையில் அது சிலம்பிற்கு இளையதே. எனினும், மேகலையின்றிச் சிலம்பின் கதை பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே நண்பர்காள்! சமயவாதங்கள் தளர்வு தருமாயின் அவற்றைப் பின்னர்ப் படித்தலில் குற்றமில்லை. பாத்திரம் பெற்ற 11-ஆம் காதை முதல் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான 19-ஆம் காதை வரையேனும், தேர்வை மறந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.