வக்கீல் குமாஸ்தாவின் வரும்படி

"பையன் பி.காம். தேறிவிட்டான். தெரிந்த வக்கீல் ஒருவர் தம் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லுகிறார். அனுப்பலாமா?" திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதுண்டு. எழுவது இயற்கையே. ஜில்லாக் கோர்ட்டு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் கோர்ட்டுகள் இருக்கின்றன. தாமிரபரணி பாயும் ஊர்களில் நெல் விளைவது எவ்வளவு நிச்சயமோ, வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் விளைவது அவ்வளவு நிச்சயம். ஆகையால் குமாஸ்தாவுக்கு வேலை இல்லாமல் போகாது. வேலைக்குத் தக்க கூலி உண்டா என்பதுதான் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

முதலில் வேலை இன்னதென்று பார்ப்போம். வக்காலத்தில் கட்சிக்காரரின் கையெழுத்து வாங்குவது, கோர்ட்டுக் கட்டணத்தைக் கணக்கிட்டுச் செலுத்துவது, பிராதைத் தாக்கல் செய்வது, குறை குறித்துத் திருப்பப்பட்டால் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்வது, சம்மனுக்குப் பேட்டா கட்டுவது, வாய்தாத் தேதிகளை டைரியில் ஏற்றுவது, நகல் மனுப் போடுவது ஆகியவை குமாஸ்தாவின் நித்திய கருமங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் ஓட்டமாகத் தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்தின் நிலம் நிற்பதும் போவதும் சில சமயங்களில் இந்த ஓட்டத்தைப் பொறுத்திருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். முன்சீப் கோர்ட்டில் ஒருவர் தோற்றுவிட்டார். ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் கொடுக்கும் கெடு 30 நாள். தீர்ப்பின் நகல் தயாராவதற்குப் பிடிக்கும் நாட்களை அந்தக் கெடுவில் சேர்ப்பதில்லை. ஆனால் நகலுக்கு மனுப் போடாமல் கழித்த நாட்களுக்குச் சலுகை கிடையாது. தீர்ப்புச் சொன்ன மறுநாளே மனுப் போட்ட குமாஸ்தா தம் கட்சிக்காரருக்கு ஏறக்குறைய முழுக் கெடுவையும் காப்பாற்றிக் கொடுக்கிறார். 28ஆம் நாள் போட்டவர் இரண்டே நாளை மிச்சம் வைக்கிறார். 31ஆம் நாள் போட்டால், தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டைக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்தக் கணக்கைக் கட்சிக்காரர் அறியமாட்டார். பல வழக்குகளைச் சுமக்கும் வக்கீல் மறந்தாலும் மறக்கலாம். குமாஸ்தா மறக்கக்கூடாது.

நம் ஜில்லாவுக்கென்று தனியான வித்தையும் ஒன்று உண்டு. இங்குள்ள பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். ஆவணி முதல் மார்கழியின் முற்பகுதி வரை எழுதியதானால் 824ஐயும், ஜனவரி பிறந்த பின் எழுதியதானால் 825ஐயும் கூட்டினால்தான் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். நிலத்தின் அளவு மரக்கால் விதைப்பாட்டிலும் கோட்டை விதைப்பாட்டிலும் இருக்கும். இவற்றைத் தடுமாறாமல் படிக்கும் ஒரு குமாஸ்தா, புதிதாக வந்த இளம் வக்கீல்களுக்கு ஆசானாகவே விளங்குவார்.

இத்தனை பொறுப்புள்ள வேலைக்குச் சம்பள விகிதம் ஏதாவது உண்டா? சட்டத்தைச் சுற்றியே வாழும் இந்த மனிதருக்குச் சட்டத்தின் நிழல் சரியாகக் கிட்டவில்லை என்பதே விந்தை. பம்பாயில் ஒரு ஸாலிஸிடர் கம்பெனியின் சிப்பந்திகள் போனஸ் கேட்டு நடத்திய வழக்கில், வக்கீல் தொழில் தொழில்தகராறுச் சட்டத்தின்படி "தொழில்" ஆகாது என்று 1962இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி அந்தக் கொள்கையை மாற்றினார்கள். ஆனால் முக்கியத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரே, ஓர் உதவியாளை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலை அதில் சேர்க்கவில்லை. நம் ஊர் வக்கீல் ஆபீஸ்களில் பெரும்பாலானவை அந்த ரகந்தானே? பிறகு 1984இல், வக்கீல் ஆபீஸ் வர்த்தக நிறுவனம் ஆகாது என்று கேரளத்துக் கடைகள் சட்டம் சம்பந்தமான வழக்கிலும் தீர்ப்பாயிற்று.

2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவை அனுசரித்துத் தமிழ்நாடு பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இளம் வக்கீல்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோயமுத்தூரில் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. நல்ல காரியந்தான். ஆனால் அதே ஆபீஸில் அடுத்த நாற்காலியில் இருக்கும் குமாஸ்தாவைப் பற்றி அதில் பேச்சில்லை. அதே 2024இல் ஜில்லாக் கோர்ட்டுச் சிப்பந்திகள் 2,329 பேருக்கு விளம்பரம் வந்தபோது, ரீடர், எக்ஸாமினர் பதவிகளின் சம்பள விகிதம் 19,500 முதல் 71,900 ரூபாய் வரை என்று கண்டிருந்தது. கவுண்டருக்கு உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒரே காகிதத்தைத்தான் கையாளுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு விகிதமும் உயர்வும் உண்டு; வெளியே நிற்பவருக்கு எஜமானரின் மனந்தான் விகிதம்! அமெரிக்காவில் இத்தகைய உதவியாளர்களை "பாராலீகல்" என்று அழைக்கிறார்கள். 2023இல் அங்கே அவர்களுடைய நடுத்தர வருஷச் சம்பளம் சுமார் 61,000 டாலர் என்று அந்நாட்டுச் சர்க்கார் கணக்கிட்டது.

சம்பளம் போதாத இடத்தில் "குமாஸ்தா பீஸ்" என்ற பழக்கம் நுழைகிறது. கட்சிக்காரர் பத்தோ நூறோ கையில் வைத்தால்தான் அன்றைக்கு வீட்டில் காய்கறி என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டால், யோக்கியமான மனிதருக்கும் அது தர்மசங்கடமே. கட்சிக்காரருக்கோ எது கோர்ட்டுச் செலவு, எது கைச்செலவு என்று விளங்குவதில்லை. குமாஸ்தாக்களைக் குறை கூறுவோர் இந்த வேரையும் சிறிது தோண்டிப் பார்ப்பது நலம்.

பாராலீகல் என்ற பெயர் நம் தேசத்தில் வேறொரு சேவைக்கும் வழங்குகிறது. தேசீயச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் "சட்டத் தன்னார்வலர்" திட்டத்தை ஏற்படுத்தியது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் பயிற்சி பெற்று, ஏழைகளுக்குச் சட்ட உதவி கிடைக்க வழிகாட்டலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் மட்டுமல்ல, மத்தியச் சிறைகளில் நீண்ட தண்டனை அனுபவிக்கும் நன்னடத்தையுள்ள படித்த கைதிகளுங்கூட இதில் சேரலாம். ஆனால் அழைக்கப்படும் நாளுக்குத்தான் சன்மானம். நாளொன்றுக்கு 250 ரூபாய் நியாயமானது என்று அந்தத் திட்டம் மதிப்பிட்டிருந்தது. இந்த வருமானத்தை நம்பி வருபவர் வேண்டாம் என்று திட்டமே ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. எனவே இதை உத்தியோகம் என்று எண்ணி ஏமாறக்கூடாது. ஓய்வும் கருணையும் உள்ளவர்களுக்கு ஏற்ற தொண்டு இது.

பழைய நாளில் குமாஸ்தா வேலை ஓர் ஏணியாக இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, 1857இல் முன்சீப் ஆனார். நம் சீமையின் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் தாலுகாக் கச்சேரியில் சிறிது காலம் குமாஸ்தாவாக இருந்து, பிறகே 1894இல் பிளீடர் பரீட்சை தேறினார். 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்துக்குப் பின் அந்த ஏணி எடுக்கப்பட்டது. சட்டப் பட்டம் இன்றி இப்போது வக்கீலாக முடியாது. ஆனால் 1996 முதல் திருநெல்வேலியிலேயே சர்க்கார் சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டதாரிகள் மூன்று வருஷம் படித்தால் போதும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பையனையோ பெண்ணையோ குமாஸ்தா வேலைக்கு அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் சேருமுன் மூன்று காரியங்களைப் பேசி முடித்துவிடுங்கள். மாதச் சம்பளம் இவ்வளவு, இன்ன தேதியில் என்பதை எழுத்தில் வாங்குவது முதலாவது. கோர்ட்டில் முறைப்படி குமாஸ்தாவாகப் பதிவு செய்துகொண்டு, 1999ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வக்கீல் குமாஸ்தாக்கள் சேமநல நிதிச் சட்டத்தின்படி அங்கத்தினராவது இரண்டாவது. கம்ப்யூட்டரில் வழக்குத் தாக்கல் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள இடம் கிடைக்குமா என்று கேட்பது மூன்றாவது. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் காலம் மாறி வருகிறது. இந்த மூன்றுக்கும் இணங்கும் வக்கீலிடம் தாராளமாக அனுப்பலாம். இணங்காதவரிடம் இரண்டு வருஷம் தொழில் பழகலாம். ஆயுளைக் கழிக்க வேண்டியதில்லை.

வக்கீல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறருக்கு நியாயம் வாங்கித் தருவது உங்கள் தொழில். அதை உங்கள் ஆபீஸின் முன்னறையிலிருந்தே தொடங்கலாம் அல்லவா?